"வேண்டும்" என்ற ஒரே சொல்லுக்கு ஷுட்டா, மஸ்ட்டா, ஹாவ் டு-வா?

கையேட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

பணியிட நடைமுறைக் கையேடு ஒன்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிற வேலை. பக்கத்துக்குப் பக்கம் "வேண்டும்". எல்லாத்துக்கும் மஸ்ட் போட்டா ராணுவ உத்தரவு மாதிரி இருக்கு. எல்லாத்துக்கும் ஷுட் போட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எதை வைச்சு முடிவு பண்றது? மாதிரிக்கு ஐந்து வாக்கியம்:

1. வளாகத்துக்குள் அடையாள அட்டை அணிந்திருக்க வேண்டும்.
2. விடுப்பு தேவைப்பட்டால் இரண்டு நாள் முன்பே தெரிவிக்க வேண்டும்.
3. சனிக்கிழமை அலுவலகம் வர வேண்டாம்.
4. மின்பெட்டியைத் தொடக் கூடாது.
5. முதல் நாள் முடிவதற்குள் கடவுச்சொல்லை மாற்றியிருக்க வேண்டும்.

---

இலக்கணப்புலி

தமிழ் "வேண்டும்" கட்டாயத்தின் அளவைத் தானாகச் சொல்வதில்லை. சொல்கிறவர் யார், எந்தக் குரலில் சொல்கிறார் என்பதில் இருந்து கேட்பவர் புரிந்துகொள்கிறார். இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் "அணிந்தே ஆக வேண்டும்", "அணிந்தே தீர வேண்டும்" என்று கூட்டிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த அளவை மோடல் வினையே (மஸ்ட், ஷுட் போன்ற துணைவினை) சுமக்கிறது. எனவே எழுதுவதற்கு முன் ஒவ்வொரு "வேண்டும்"-இடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதைக் கட்டாயமாக்குவது யார்?

செய்யாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, செய்தால் நல்லது: ஷுட். ஆட் டு-வும் இதே இடத்தில் வரும். கொஞ்சம் கடமை வாடை கூடுதல், பேச்சில் அரிது, எதிர்மறையிலும் கேள்வியிலும் இன்னும் அரிது. கையேட்டில் ஆட் டு-வை மறந்துவிடுங்கள்.

செய்யாவிட்டால் இந்தக் குறிப்பிட்ட சமயத்தில் கெடுதல் வரும் என்று எச்சரிக்க: ஹாட் பெட்டர். "யூ'ட் பெட்டர் சேவ் தி ஃபைல் நௌ" என்றால், சேமிக்காவிட்டால் போச்சு என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது. "ஹாட்" என்று இருப்பதால் இறந்த காலம் என நினைக்க வேண்டாம், இப்போதைக்கும் இனிமேலுக்கும்தான். பொது அறிவுரைக்கும் ஆகாது. எல்லாரும் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்கு ஷுட்தான்.

வேறு வழியில்லை: மஸ்ட், ஹாவ் டு. எழுதுகிறவரே விதிக்கிறார் என்றால் மஸ்ட். வெளியே ஏற்கெனவே இருக்கிற விதியை எடுத்துச் சொன்னால் ஹாவ் டு.

உங்கள் முதல் வாக்கியம் ஐயமில்லாமல் மஸ்ட். இரண்டாவதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்: திடீரென்று காய்ச்சல் வந்தால் அந்த இரண்டு நாள் விதி என்ன ஆகும்?

---

பேச்சுவழக்கு

//எழுதுகிறவரே விதிக்கிறார் என்றால் மஸ்ட். வெளியே இருக்கிற விதி என்றால் ஹாவ் டு.//

புலி சார், இந்தப் பிரிவினை பாடப்புத்தகத்துல அழகா இருக்கும். பேச்சுல அவ்வளவு சுத்தமா நிக்காது. அமெரிக்கப் பேச்சுல கட்டாயத்துக்கு மஸ்ட் ரொம்பக் குறைவு. ஹாவ் டு, நீட் டு, ஹாவ் காட் டு, இந்த மூணுதான் ஓடும். அங்க மஸ்ட் காதுல விழுந்தா பெரும்பாலும் ஊகம்: "யூ மஸ்ட் பி டயர்ட்", அதாவது களைச்சுப் போயிருப்பீங்க. அதனால பேசக் கத்துக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: உடன்பாட்டுல, அதாவது நாட் இல்லாத வாக்கியத்துல, சந்தேகம் வந்தா ஹாவ் டு போடு, எங்கயும் தப்பாகாது.

மஸ்ட் கனிவாகவும் வரும், அதையும் சொல்லணும். "யூ மஸ்ட் கம் அண்ட் விசிட் அஸ்" உத்தரவு இல்ல, "கண்டிப்பா வரணும்"னு நாம விருந்துக்குக் கூப்பிடற அதே தொனி. அதையே கேள்வியாக்கினா எரிச்சல்: "மஸ்ட் யூ டு தட்?"னா "இதைச் செஞ்சுதான் ஆகணுமா உனக்கு?"

---

இலக்கணப்புலி

பேச்சைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் கேட்டவர் கையேடு எழுதுகிறார். எழுத்தில், அதுவும் விதி எழுதும்போது, மஸ்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உடன்பாட்டில் மஸ்ட்டும் ஹாவ் டு-வும் இடம் மாறினால் தொனிதான் மாறும். எதிர்மறையில் மாறினால் பொருளே தலைகீழ். சண்டை போட வேண்டிய இடம் அது.

"மஸ்ட் நாட்": செய்யாமல் இருப்பது கட்டாயம். கூடாது.
"டோன்ட் ஹாவ் டு": செய்வது கட்டாயமில்லை. தேவையில்லை, விரும்பினால் செய்யலாம்.

"நாட்" எதை மறுக்கிறது என்று பாருங்கள். முதலாவதில் செயலை, கட்டாயம் அப்படியே நிற்கிறது. இரண்டாவதில் கட்டாயத்தையே. தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அடிக்கடி பார்க்கும் பிழை, நாலாவது வாக்கியத்தை "யூ டோன்ட் ஹாவ் டு டச் தி எலக்ட்ரிகல் பேனல்" என்று எழுதுவது. படிக்கிறவருக்கு அது "மின்பெட்டியைத் தொட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை" என்றுதான் கேட்கும். ஆசைப்பட்டால் தொடலாம் போல!

மூன்றாவது வாக்கியம் இதற்கு நேர் எதிர்ச் சிக்கல். "வர வேண்டாம்" என்பது தமிழிலேயே இரண்டு பக்கமும் சாய்கிறது. கட்டடம் பூட்டியிருக்கும், வராதீர்கள் என்றும் பொருள். வருவது உங்கள் விருப்பம் என்றும் பொருள். எது என்று தெரியாமல் மொழிபெயர்க்காதீர்கள்.

---

தேர்வாளி

அப்போ நீடன்ட்? "நீட் நாட் டு கம்" சரியா?

---

இலக்கணப்புலி

தவறு. நீட் இரண்டு வேடம் போடும். மோடலாக வந்தால் பின்னால் டு வராது: "யூ நீடன்ட் கம்". சாதாரண வினையாக வந்தால் டு வரும், எதிர்மறைக்கு டோன்ட் வேண்டும்: "யூ டோன்ட் நீட் டு கம்". இரண்டையும் கலந்தால்தான் "நீட் நாட் டு கம்" பிறக்கிறது. பொருள் இரண்டுக்கும் டோன்ட் ஹாவ் டு மாதிரியேதான். தடை இல்லை, அவசியம் இல்லை.

---

பேச்சுவழக்கு

வடிவப் பிழைகளை ஒரே இடத்துல போட்டுடறேன். தேர்வு எழுதறவங்களுக்கு உதவும்.

"மஸ்ட் டு கோ", "ஷுட் டு கோ": டு கிடையாது. "மஸ்ட் கோ", "ஷுட் கோ". டு கேக்கறது ஆட் மட்டும்தான்.

"ஹி மஸ்ட் கோஸ்", "ஷி ஷுட் வென்ட்": மோடலுக்குப் பின்னால வினையோட மூல வடிவம்தான். எஸ் ஒட்டாது, இறந்த காலமும் ஆகாது.

"ஹி ஹாவ் டு", "ஹி டஸன்ட் ஹாஸ் டு": ஹாவ் டு மோடல் இல்ல, சாதாரண வினை மாதிரி மாறும். "ஹி ஹாஸ் டு", ஆனா "ஹி டஸன்ட் ஹாவ் டு". டஸ் வந்துட்டா எஸ் அதுலயே தீர்ந்துபோச்சு. கேள்வியும் அப்படித்தான்: "டு யூ ஹாவ் டு கோ?"

"வில் மஸ்ட்": ரெண்டு மோடல் அடுத்தடுத்து உட்காராது. "வில் ஹாவ் டு".

"மஸ்ட் ஹாவ் டு", "ஷுட் ஹாவ் டு": அழுத்தம் கூட்டறதா நினைச்சு எழுதறது. ஏதாவது ஒண்ணு போதும். "யூ ஷுடன்ட் ஹாவ் டு வெயிட்"னு ஒரு வாக்கியம் இருக்கு, ஆனா அது வேற: நீங்க காத்திருக்கற நிலைமையே வரக் கூடாதுங்கறது.

"ஹாட் பெட்டர் டு கோ", "வுட் பெட்டர் கோ": ரெண்டும் தப்பு. "ஹாட் பெட்டர் கோ". 'ட்-னு சுருங்கினதை வுட்னு நினைச்சு விரிக்கறதால ரெண்டாவது வருது. எதிர்மறைல நாட் பெட்டருக்குப் பின்னால: "யூ'ட் பெட்டர் நாட் கோ".

"ஐ சஜஸ்ட் யூ டு கோ": இது மோடல் இல்லாட்டியும் அறிவுரைல அடிக்கடி விழற பிழை. அட்வைஸ் டு-வை ஏத்துக்கும், "ஐ அட்வைஸ் யூ டு கோ". சஜஸ்ட் ஏத்துக்காது: "ஐ சஜஸ்ட் யூ கோ", இல்லன்னா "ஐ சஜஸ்ட் கோயிங்".

உச்சரிப்புல ஒரு வரி. ஷுட்ல எல் வாயே திறக்காது. மஸன்ட்டுல நடுவுல இருக்கற டி மௌனம். ஹாவ் டு வேகத்துல "ஹாஃப்ட்டு"னு போகும். சப்போஸ்ட் டு-ல டி காதுல விழாததால நிறைய பேர் "சப்போஸ் டு"ன்னே எழுதறாங்க. எழுத்துல அந்த டி கட்டாயம்.

---

தேர்வாளி

நன்றி அண்ணா. இறந்த காலம்தான் எனக்கு இன்னும் குழப்பம். மஸ்ட்டுக்கு இறந்த காலம் மஸ்ட் ஹாவ்தானே?

---

இலக்கணப்புலி

இல்லை. மஸ்ட்டே பழைய ஆங்கிலத்தில் வேறொரு வினையின் இறந்தகால வடிவமாக இருந்து நிகழ்காலத்துக்குக் குடிவந்த சொல். ஷுட் முன்பு ஷாலின் இறந்த காலம், ஆட் முன்பு ஓ (கடன்பட்டிரு) என்ற வினையின் இறந்த காலம். அதனால் இவற்றுக்கு இனி ஒரு இறந்தகால வடிவம் கிடையாது. கட்டாயத்தை இறந்த காலத்தில் சொல்ல ஹாட் டு-வைக் கடன் வாங்குகிறோம்.

இங்கே தமிழ் வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது: "அவர் நேற்றே அனுப்பியிருக்க வேண்டும்."

அனுப்பியிருப்பார் என்று ஊகித்தால்: "ஹி மஸ்ட் ஹாவ் சென்ட் இட் யெஸ்டர்டே."
அனுப்பவில்லை, குறை சொல்கிறோம் என்றால்: "ஹி ஷுட் ஹாவ் சென்ட் இட் யெஸ்டர்டே."

எழுத்தில் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் ஒன்றில் அனுப்பியாகிவிட்டது, மற்றொன்றில் அனுப்பவில்லை. அலுவலக மின்னஞ்சலில் மாற்றிப் போட்டால் இல்லாத குற்றச்சாட்டு ஒன்று கிளம்பும்.

அடுத்தது "அனுப்ப வேண்டி இருந்தது". அனுப்பியும் விட்டார் என்றால் "ஹி ஹாட் டு சென்ட் இட்". அனுப்ப வேண்டியவர், ஆனால் நடக்கவில்லை என்றால் "ஹி வாஸ் சப்போஸ்ட் டு சென்ட் இட்". ஹாட் டு என்று சொன்னால் கேட்பவர் வேலை முடிந்ததாகவே எடுத்துக்கொள்வார். "அனுப்ப வேண்டியதாயிற்று", "அனுப்ப வேண்டி வந்தது" இரண்டும் எப்போதும் ஹாட் டு பக்கம்தான்.

நீடன்ட் ஹாவ், டிடன்ட் நீட் டு இரண்டும் தேர்வில் கேட்கும் இரட்டையர். "ஐ நீடன்ட் ஹாவ் பிரிண்டட் இட்": அச்சிட்டுவிட்டேன், வீண். "ஐ டிடன்ட் நீட் டு பிரிண்ட் இட்": அவசியம் இருக்கவில்லை; பெரும்பாலும் அச்சிடவில்லை என்ற பொருள், ஆனால் வாக்கியம் அதை உறுதியாகச் சொல்லவில்லை.

பிறர் கூற்றாக மாற்றும்போது ஷுட், ஆட் டு, ஹாட் பெட்டர் மாறாது. மஸ்ட் அப்படியே நிற்கலாம், ஹாட் டு ஆகவும் மாறலாம். தடையைச் சொல்லும் மஸ்ட் நாட்டை மட்டும் டிடன்ட் ஹாவ் டு ஆக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன அதே பள்ளம்.

---

தரவிதி

கையேட்டுக்காரருக்கு. ஆவணம் எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இணைய நெறிமுறைகளுக்கான ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில் 2119-ஆம் எண், 1997-இல் வந்தது. அதில் மஸ்ட் என்றால் விலக்கே இல்லாத கட்டாயம். ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் மீறினால் என்ன ஆகும் என்று முழுக்கப் புரிந்து எடைபோட்ட பிறகே. மே என்றால் விருப்பம். ஷாலும் மஸ்ட்டும் அங்கே ஒன்றே. 2017-இல் ஆர்எஃப்சி 8174 இன்னொன்று சேர்த்தது: முழுக்க கேப்பிடல் எழுத்தில் எழுதினால் மட்டுமே இந்தச் சிறப்புப் பொருள்.

ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரங்களில் ஒதுக்கீடு வேறு. தேவைக்கு ஷால், பரிந்துரைக்கு ஷுட், அனுமதிக்கு மே, இயலுமைக்கு கேன். மஸ்ட்டை ஷாலுக்குப் பதிலாகப் போடக் கூடாது. தடைக்கு ஷால் நாட். மே நாட் கூடாது. காரணம் எளிது: "தி டிவைஸ் மே நாட் ஸ்டார்ட்" என்றால் இயங்கக் கூடாது என்பதா, இயங்காமல் போகலாம் என்பதா?

அமெரிக்க அரசின் எளிய நடை வழிகாட்டுதல் இதற்கு மாறாக ஷாலை ஒதுக்கிவிட்டு மஸ்ட்டைப் பரிந்துரைக்கிறது. ஷால் கட்டாயமா, வெறும் எதிர்காலமா என்று வழக்காடுகிறார்கள் என்பதால்.

ஆக எந்தச் சொல் என்பதைவிட, ஒரு ஆவணத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பதுதான் முக்கியம். பணியாளர் கையேட்டுக்கு என் பரிந்துரை: கட்டாயத்துக்கு மஸ்ட், தடைக்கு மஸ்ட் நாட், பரிந்துரைக்கு ஷுட், அனுமதிக்கு மே, அவசியமின்மைக்கு டோன்ட் ஹாவ் டு. இந்த ஐந்தையும் முதல் பக்கத்தில் ஒரு பத்தியில் விளக்கிவிடுங்கள். ஹாவ் டு, நீட் டு, ஆர் டு, ஆர் ரிக்வயர்டு டு என்று அலங்காரத்துக்கு மாற்றி மாற்றி எழுதாதீர்கள். சொல் மாறினால் படிப்பவர் பொருளும் மாறியது என்று நினைப்பார், நினைக்கத்தான் செய்வார்.

இன்னொரு தொல்லை எழுவாய். தமிழில் "அணிந்திருக்க வேண்டும்" என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதை அப்படியே கொண்டுபோனால் "ஐடி கார்ட்ஸ் ஷுட் பி வோர்ன்" என்று செயப்பாட்டில் விழும். யார் அணிவது? பணியாளரா, பார்வையாளரா? எழுவாயைப் போட்டால் இந்தக் கேள்வியே வராது. அதோடு படிப்படியான செயல்முறையில் மோடலே வேண்டாம். "ஸ்விட்ச் ஆஃப் தி மெயின் சப்ளை. வெயிட் ஃபைவ் மினிட்ஸ். ஓபன் தி கவர்." ஏவல் வினை போதும். ஒவ்வொரு படியிலும் "யூ ஷுட்" சேர்த்தால், ஐந்து நிமிடம் காத்திருப்பது விருப்பம் போலத் தெரியும். மின்சாதனத்தில் அது விளையாட்டல்ல.

---

தேர்வாளி

கையேடு சரி. மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஷுட் போட்டா பணிவா இருக்குமா?

---

பேச்சுவழக்கு

இருக்காது தம்பி. "யூ ஷுட் செக் திஸ்"னு மேலதிகாரிக்கு எழுதினா புத்தி சொல்ற மாதிரி இருக்கும். தமிழ்ல "நீங்க இதைப் பார்க்கணும்"னு மரியாதையாச் சொல்லிடலாம், நீங்க-ங்கறது பாரத்தைத் தாங்கிடும். ஆங்கிலத்துல யூ ஒண்ணுதான், அதனால பணிவு முழுக்க வினைல இருந்துதான் வரணும்.

மெலிசுல இருந்து கனத்துக்கு அடுக்கினா இப்படி வரும்: "யூ மைட் வான்ட் டு செக் திஸ்", அப்புறம் "யூ குட் செக் திஸ்", "ஐ திங்க் யூ ஷுட் செக் திஸ்", "யூ ஷுட் செக் திஸ்", "யூ'ட் பெட்டர் செக் திஸ்", கடைசியா "யூ ஹாவ் டு", "யூ மஸ்ட்". மேலாளருக்கு முதல் மூணுக்குள்ள நில்லு. ஹாட் பெட்டர் அவருக்கு மிரட்டலாக் கேக்கும்.

அவர் வேலை ஒண்ணு செஞ்சு தரணும்னா அறிவுரை வடிவமே தப்பு, வேண்டுகோள்தான்: "குட் யூ ப்ளீஸ் அப்ரூவ் திஸ் பை ஃப்ரைடே?" கட்டாயம்னு காட்டணும்னா விதி மேல பழியைப் போடு: "தி போர்ட்டல் க்ளோசஸ் ஆன் ஃப்ரைடே, சோ வீ ஹாவ் டு சப்மிட் இட் பிஃபோர் தட்." யூ போயி வீ வந்ததைக் கவனி. யாரும் யாருக்கும் உத்தரவு போடல, ஆனா நாள் மட்டும் நகராது.

எதிர்ப்பக்கமும் பார்த்துக்கோ. மேலாளர் "யூ மைட் வான்ட் டு லுக் அட் பேஜ் த்ரீ"ன்னு உனக்கு எழுதினா அது விருப்பம்னு விட்டுடாத. போய்ப் பார்த்துத் திருத்துன்னு அர்த்தம்.

---

இலக்கணப்புலி

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இஃப் ஐ வேர் யூ, ஐ'ட் செக் திஸ்" சமமானவர்களுக்குள் நல்ல அறிவுரை. மேலாளருக்கு வேண்டாம்.

---

கையேட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்ததுல சனிக்கிழமை கட்டடம் திறந்திருக்கும், வர்றது விருப்பம். அவசர நோய்க்கு இரண்டு நாள் விதி பொருந்தாது. இப்படி மாத்தியிருக்கேன்:

1. "எம்ப்ளாயீஸ் அண்ட் விசிட்டர்ஸ் மஸ்ட் வேர் ஐடி கார்ட்ஸ் ஆன் தி பிரமிசஸ்."
2. "யூ மஸ்ட் டெல் யுவர் மேனேஜர் டூ டேஸ் பிஃபோர் யுவர் லீவ். இன் அன் எமர்ஜென்சி, டெல் யுவர் மேனேஜர் ஆஸ் சூன் ஆஸ் யூ கேன்."
3. "யூ டோன்ட் ஹாவ் டு கம் டு தி ஆஃபீஸ் ஆன் சாட்டர்டேஸ்."
4. "எவ்ரிபடி மஸ்ட் நாட் டச் தி எலக்ட்ரிகல் பேனல்."
5. "யூ மஸ்ட் ஹாவ் சேஞ்ச்ட் யுவர் பாஸ்வேர்ட் பை தி எண்ட் ஆஃப் யுவர் ஃபர்ஸ்ட் டே."

இரண்டாவதுக்கு ஷுட் போடாம, மஸ்ட் போட்டு விலக்கைத் தனி வாக்கியமா எழுதிட்டேன். சரிதானா?

---

தரவிதி

இரண்டாவது நல்ல முடிவு. ஷுட் போட்டிருந்தால் எந்தக் காரணம் தக்கது என்று ஆளாளுக்கு முடிவு செய்வார்கள். விலக்கு ஒன்றுதான் என்று தெரிந்தால் மஸ்ட் போட்டு அதை எழுதிவிடுவதே சுத்தம். "பிஃபோர்" முன் "அட் லீஸ்ட் டூ டேஸ்" என்று வைத்தால், நாலு நாள் முன்பே சொன்னவர் விதியை மீறியவர் ஆக மாட்டார்.

நாலாவது இலக்கணப்படி நிற்கும், ஆனால் எவ்ரிபடியோடு நாட் சேர்ந்தால் "எல்லாரும் தொடக் கூடாது, சிலர் தொடலாம்" என்றும் படிக்க இடமுண்டு. "டு நாட் டச் தி எலக்ட்ரிகல் பேனல்" போதும். மின்பணியாளருக்கு அனுமதி உண்டென்றால் "ஒன்லி தி எலக்ட்ரீஷியன் மே ஓபன் இட்" என்று அடுத்த வரி.

---

இலக்கணப்புலி

ஐந்தாவது இன்னும் தமிழாகவே இருக்கிறது. "மாற்றியிருக்க வேண்டும்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் மஸ்ட் ஹாவ் சேஞ்ச்ட் வந்திருக்கிறது. பை என்ற கெடு இருப்பதால் பொருள் ஒருவாறு பிடிபடும். இருந்தாலும் முதல் ஐந்து சொல்லைப் படிக்கிறவர் "மாற்றிவிட்டீர்கள் போலிருக்கிறது" என்ற ஊகத்துக்குப் போய், கெடுவைப் பார்த்துத் திரும்பி வர வேண்டும். முடிந்த நிலையை வினையில் காட்டத் தேவையில்லை, அதைப் பை-யே காட்டிவிடும்: "யூ மஸ்ட் சேஞ்ச் யுவர் பாஸ்வேர்ட் பை தி எண்ட் ஆஃப் யுவர் ஃபர்ஸ்ட் டே."

கையேடு முழுக்க "-இருக்க வேண்டும்" என்று தேடி, ஒவ்வொன்றையும் இதே மாதிரி பாருங்கள். முதல் வாக்கியத்து "அணிந்திருக்க" நிலையைச் சொல்வது, அதற்கு நீங்கள் எழுதிய "மஸ்ட் வேர்" சரி. மற்றவை பெரும்பாலும் ஐந்தாவதைப் போல இருக்கும்.